முடங்கிய கூகுள் லிஸ்டிங்கை மீட்டது: என் அனுபவம்

கும்பகோணத்தில் ஒரு பித்தளைப் பாத்திரக்கடை. கூகுள் தேடலிலும் மேப்பிலும் வரும் கடை விவரப் பக்கமான லிஸ்டிங் முடங்கியதால், அதைப் பராமரிக்க என்னிடம் கட்டும் மாதச் சந்தாவே வேண்டாம் என்றார் முதலாளி. கோளாறு பெயரில்தான்: கடைப் பெயரோடு ‘பெஸ்ட் குத்துவிளக்கு கும்பகோணம்’ என்று முன்பு லிஸ்டிங்கைப் பராமரித்தவர்கள் ஒட்டியிருந்தார்கள். போர்டில் உள்ள பெயர் மட்டுமே இருக்க வேண்டும் என்பது கூகுள் விதி.

முதலில் பெயரைத் திருத்தினேன்; முடக்கத்தை நீக்கக் கேட்டு கூகுளுக்கு அனுப்பும் அப்பீல் அதன் பிறகுதான். ஆவணப் படிவத்தைத் திறந்தால் 60 நிமிடத்துக்குள் அனுப்பியாக வேண்டும், அதனால் ஜிஎஸ்டி சான்று, கரண்ட் பில், போர்டு போட்டோ மூன்றையும் முன்கூட்டியே ஸ்கேன் செய்து வைத்தேன். முகவரி ஒரு ஆவணத்தில் ‘பெரிய தெரு’, இன்னொன்றில் ‘பிக் ஸ்ட்ரீட்’ என்றிருந்தது. லிஸ்டிங் முகவரியை ஜிஎஸ்டி சான்றில் உள்ளபடியே மாற்றினேன். லிஸ்டிங் திரும்பியது.

இதே வேலை செய்பவர்களுக்கு: தேடலில் முதலிடம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து சந்தாவை விற்காதீர்கள். தேடுபவர் நிற்கும் தூரத்தைப் பொறுத்தும் வரிசை மாறும். தஞ்சாவூரிலிருந்து தேடினால் வேறு கடை முன்னால் வரலாம். மாதாமாதம் வந்த அழைப்பு, வழி கேட்டவர் எண்ணிக்கை இரண்டையும் கடை முதலாளியின் செல்போனிலேயே திறந்து காட்டுங்கள்.