பெண் ஆய்வாளர்களை எண்ணும்போது எங்கே வழுக்குகிறோம்?

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளில் பெண்களின் பங்கைப் பற்றி எழுதுபவர்கள் முதலில் வழுக்குவது பெயரில்தான். மேற்கோள் பட்டியலில் 'காங் ஜி' என்று இருக்கும். வேலூர் சி.எம்.சி.யில், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டா வைரஸை ஆராய்ந்த ககன்தீப் காங் என்ற பெண் அவர். முழுப்பெயர் கிடைத்தாலும் சிக்கல் தீராது: ககன்தீப் என்று பஞ்சாபில் ஆணுக்கும் பெயர் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் முன்னாள் தலைமை விஞ்ஞானி சௌமியா சுவாமிநாதன் 'சுவாமிநாதன் எஸ்' ஆகிவிடுகிறார். அதில் முழுதாகத் தெரிவது அவருடைய அப்பாவின் பெயர். இனிஷியல் போட்டே பழகிய நம் ஊர்ப் பெண்கள் பலருக்கும் இதே கதைதான். படிவத்தில் 'குடும்பப் பெயர்' கட்டத்தில் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ நிரப்பினால், சொந்தப் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிடும். ஆகவே பெயரை வைத்துப் பாலினத்தை ஊகிக்கும் மென்பொருள் தரும் கணக்கில், 'தெரியவில்லை' என்று ஒதுக்கப்பட்டவை எத்தனை என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒரே சதவீதத்தில் அடைப்பது. மருத்துவக் கட்டுரையை எழுதியவர்களின் பட்டியலில் முதலில் வரும் பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்தவருடையது. கடைசியாக வரும் பெயர் வழிநடத்திய மூத்தவருடையது. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க மருத்துவ இதழ் 2006இல் வெளியிட்ட ஆய்வு, ஆறு முக்கிய இதழ்களில் எழுதிய அமெரிக்க மருத்துவர்களை எண்ணியது. முதல் பெயரில் பெண்கள் 1970இல் 5.9 சதவீதம், 2004இல் 29.3. கடைசிப் பெயரில் 3.7, பிறகு 19.3. முதல் எண்ணை மட்டும் எடுத்துத் தலைப்புப் போட்டால் செய்தி இனிக்கும், அவ்வளவுதான்.

துறையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதே ஆய்வில், 2004இல் மகப்பேறு இதழின் முதல் பெயர்களில் பெண்கள் 40.7 சதவீதம், அறுவை சிகிச்சை இதழில் 16.7, கடைசிப் பெயரில் வெறும் 6.7.

சரி, ஏறிக்கொண்டேதானே போகிறது என்று கோட்டை நீட்டிவிடாதீர்கள். வேறொரு தொகுப்பாக ஆறு பெரிய மருத்துவ இதழ்களை வைத்து பிரிட்டிஷ் மருத்துவ இதழான பிஎம்ஜே 2016இல் வெளியிட்ட ஆய்வில், முதல் பெயரில் பெண்களின் பங்கு 1994இல் 27 சதவீதம், 2014இல் 37. ஆனால் 2009 முதலே அது தேங்கிவிட்டது. சில இதழ்களில் இறங்கவும் செய்தது.

அப்புறம் கோவிட். 2020இன் தொடக்க மாதங்களில் வந்த கோவிட் கட்டுரைகளை, அவை வெளியான இதழ்களில் 2019இல் வந்த கட்டுரைகளோடு ஒப்பிட்டால், பெண்கள் முதல் பெயராக இருந்த பங்கு 19 சதவீதம் குறைவு என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இதைப் பலர் அப்படியே கழித்துவிடுகிறார்கள். இருந்த பங்கில்தான் 19 சதவீதம் குறைந்தது. நூற்றுக்கு 33 பேர் இருந்திருந்தால் ஏறக்குறைய 27 ஆகும்; 14 ஆகாது.