கிரேக்கப் பெயர் தேடும்போது
கிரீஸின் தெசலோனிகி நகரில் வாக்கப்பட்ட எனக்கு, மகன் பிறந்தபோது மாமியார் சொல்லித் தந்தது இது. அர்த்தம் தேடுவதற்கு முன் தாத்தா பாட்டி பெயரைக் கேளுங்கள். முதல் மகனுக்கு அப்பா வழித் தாத்தாவின் பெயர் வைப்பது இங்கே பழைய வழக்கம். நம் 'பேரன்' என்ற சொல்லும் 'பெயரன்'தானே!

அடுத்து அர்த்தம். சோஃபியா ஞானம், இரினி அமைதி, ஸோயி உயிர். ஸ்டெஃபனோஸ் என்றால் மகுடம். அந்தப் பெயர் கொண்ட புனிதர்தான் நம் ஊர்க் கத்தோலிக்கர்களிடம் முடியப்பர். யோர்கோஸ் என்றால் உழவன். மண், வேலை என்ற இரண்டு சொற்களும் அதற்குள் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த பெயர்.

பிறகு வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள். ஆண் பெயரின் கடைசி 'ஸ்' கூப்பிடும்போது விழுந்துவிடும். "யோர்கோ, இங்கே வா" என்றுதான் அடுக்களையிலிருந்து குரல் வரும். அந்த ஒலி உங்கள் நாவுக்கு இதமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயர் நாளையும், அதாவது அந்தப் பெயர் கொண்ட புனிதரின் திருநாளையும், குறித்துக்கொள்ளுங்கள். எலேனிக்கு மே 21, நிகோலாஸுக்கு டிசம்பர் 6. யோர்கோஸுக்கு ஏப்ரல் 23. அதற்குள் ஈஸ்டர் வராவிட்டால், ஈஸ்டருக்கு மறுநாள். வாழ்த்த வருகிறவர்களுக்கு அன்று வீட்டில் இனிப்பு இருக்க வேண்டும்.