லேசரின் தளவிளைவு: அளக்கும்போது எங்கே தவறுகிறோம்?

ஒளி அலைகள் கண்டபடி அதிராமல் ஓர் ஒழுங்கில் அதிர்வதுதான் தளவிளைவு; ஒரே தளத்தில் அதிர்ந்தால் அது நேர்க்கோட்டுத் தளவிளைவு. ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிதாள்தான் போலராய்டு. அதைத் திருப்பத் திருப்ப ஒளி எவ்வளவு குறையும் என்று சொல்லும் மாலஸ் விதியைச் சரிபார்க்கும் நாளில் ஒரு குழுவாவது முகம் வாடி நிற்கும். இராமநாதபுரம் கடற்கரையோரம் மாணவர்களுக்குச் செய்முறை சொல்லித்தரும் எனக்கு இது பழகிப்போன காட்சி. லேசருக்கு முன்னால் இரண்டு போலராய்டுகளை ஒரே திசையில் வைத்து, இரண்டாவதை மட்டும் 60 டிகிரி திருப்பினால் ஒளி கால் பங்காகக் குறைய வேண்டும். அவர்களுக்கோ ஒரு முறை கால் பங்கு, அடுத்த முறை பாதி. கை நடுங்கிவிட்டது என்று தங்களையே நொந்துகொள்வார்கள். பாவம், தவறு அவர்களுடையது அல்ல.

‘தளவிளைவு அற்றது’ என்று விற்கப்படும் ஹீலியம்-நியான் லேசரை மின்விளக்கு மாதிரி எண்ணிவிடுகிறோம். அதற்குள் அடுத்தடுத்த அதிர்வெண்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் அதிர்கின்றன. குழாய் சூடாகி நீள நீள, ஒன்று ஏறும், மற்றது இறங்கும். மொத்த ஒளி பெரிதாக மாறாது. முன்னால் போலராய்டை வைத்ததும்தான் ஊசலாட்டம் தெரியும். அரை மணி நேரம் சூடாக விடுங்கள். அப்புறம் முதல் போலராய்டை அந்த இரண்டு தளங்களுக்கும் நடுவே, 45 டிகிரியில் வையுங்கள். இரண்டிலிருந்தும் சமபங்கு வருவதால் ஆட்டம் பெருமளவு அடங்கும். நேர்க்கோட்டுத் தளவிளைவுள்ள லேசர் கிடைத்தால் இந்தப் பாடே இல்லை.

அடுத்த தவறு, போலராய்டு மாட்டிய, கோண அளவுள்ள வட்டத் தகட்டில் அச்சிட்ட பூஜ்யத்தை அப்படியே நம்புவது. போலராய்டை யாராவது கழற்றி மாட்டியிருந்தால் அந்த பூஜ்யத்துக்கு அர்த்தமே கிடையாது. போலராய்டின் அச்சை, அதாவது அது ஒளியை விடும் திசையைக் கண்டுபிடிக்க நம் ஊரில் கடலே இருக்கிறது. காலை ஒன்பது மணி வாக்கில் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் கிழக்கு நோக்கி நின்று, இரண்டு மீட்டர் தள்ளியுள்ள நீர்ப்பரப்பைப் போலராய்டு வழியே பாருங்கள். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. தெறிக்கும் ஒளி முழுவதும் தளவிளைவுறும் கோணத்தைப் புரூஸ்டர் கோணம் என்பார்கள்; தண்ணீருக்கு அது, பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளந்தால், சுமார் 53 டிகிரி. அந்தக் கோணத்தில் தெறிக்கும் ஒளி கிடைமட்டமாகத் தளவிளைவுற்றிருக்கும். போலராய்டைத் திருப்பும்போது எந்த நிலையில் கண்கூச்சம் அடங்கி அடிமணல் தெரிகிறதோ, அப்போது அதன் அச்சு செங்குத்தாக இருக்கிறது. விளிம்பில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். 1921-இல் கப்பலில் நாடு திரும்பிய சி. வி. ராமன், நிக்கோல் பட்டகத்தை (போலராய்டு செய்யும் வேலையைச் செய்யும் படிகம்) கொண்டு இப்படித்தான் கடல்மேல் தெறிக்கும் வானொளியை அணைத்துவிட்டுத் தண்ணீரின் சொந்த நீலத்தைப் பார்த்தார். இதைச் சொன்னதும் பிள்ளைகளின் கண்ணில் வரும் ஒளிக்காகவே அவர்களைக் கரைக்குக் கூட்டிப்போவேன்.

பகுப்பானை, அதாவது ஒளியைச் சோதிக்கக் கடைசியில் வைக்கும் போலராய்டை, சுழற்றியும் ஒளி மாறவில்லை என்றால் உடனே ‘தளவிளைவு இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். அதிர்வுத் திசை சீராகச் சுழன்றுகொண்டே போகும் வட்டத் தளவிளைவும் அப்படியே காட்டும். பகுப்பானுக்கு முன்னால் ஒரு கால் அலைத் தகட்டை (வட்டத் தளவிளைவை நேர்க்கோடாக மாற்றும் படிகத் தகடு) வைத்து, இரண்டையும் தனித்தனியே திருப்பிப் பாருங்கள். ஏதாவது ஒரு நிலையில் ஒளி அணைந்தால் அது வட்டத் தளவிளைவுதான். தகடு உங்கள் லேசரின் அலைநீளத்துக்கு உரியதா என்பதும் முக்கியம். 632.8 நானோமீட்டர் சிவப்புக்குச் செய்ததை 532 பச்சைக்குப் போட்டால் கணக்கு உதைக்கும்.

ஒளியைக் குறைக்க ஒற்றைப் போலராய்டைத் திருப்புவதும் வழக்கமான பிழை. ஒளி குறையும், கூடவே தளமும் திரும்பிவிடும். தளம் அசையாமல் அளவு மட்டும் மாற வேண்டுமானால், நிலையான போலராய்டுக்கு முன்னால் தளத்தைத் திருப்பிவிடும் அரை அலைத் தகட்டைச் சுழற்றுங்கள். தகடு 10 டிகிரி திரும்பினால் தளம் 20 டிகிரி திரும்பும்.

கற்றையின் பாதையில் செல்லோ டேப் ஒட்டவே வேண்டாம். அதற்கு இரட்டை ஒளிவிலகல் உண்டு, அதாவது அதிரும் திசைக்கேற்ப ஒளியின் வேகம் மாறும்; அதனால் தளவிளைவையே மாற்றிவிடும். 45 டிகிரியில் சாய்த்த உலோக ஆடியும் அப்படித்தான்: படும் ஒளியின் தளம் படுதளத்துக்கு (படும் கதிரும் தெறிக்கும் கதிரும் அமையும் தளம்) இணையாகவோ செங்குத்தாகவோ இல்லையென்றால் நேர்க்கோட்டுத் தளவிளைவு நீள்வட்டத் தளவிளைவாகிவிடும். ஆகவே, ஆடிக்கு முன்னால் அளந்ததை ஆடிக்குப் பின்னாலும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

கடைசியாக, நம் உப்புக் காற்று. போலராய்டுத் தாள் ஈரத்திலும் வெப்பத்திலும் வெளிறும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மேலே உப்புப் படிந்திருந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதிவிட்டு, மென்தாளால் மெல்ல ஒற்றியெடுங்கள்.