பாட்டுச் சேகரிப்பை வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோவது எப்படி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் லாரன்ஸ் ரோடு பக்கம் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தவன் நான். துண்டுச்சீட்டில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அறுபது நிமிட சி-60இல் எது அடங்கும், எதற்குத் தொண்ணூறு நிமிட சி-90 வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பதிந்து வைப்பேன். கேசட் ஓய்ந்துவிட்டது, வாடிக்கையாளர்கள் ஓயவில்லை. இப்போது லேப்டாப்போடு வருகிறார்கள். மகன் மேக் வாங்கிக் கொடுத்துவிட்டான், அல்லது பழைய விண்டோஸ் தள்ளாடுகிறது என்று யாரோ லினக்ஸ் போட்டுவிட்டார்கள். பாட்டெல்லாம் அங்கே போக வேண்டும்.

அவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்: பாட்டு தொலையாது, அதன் விவரம்தான் தொலையும். ஒலிக்கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகவே போய்ச் சேரும். வழியில் உதிர்வது பெயர், ராகம், வாசித்தவர், நீங்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய பட்டியல், கொடுத்த நட்சத்திரங்கள். ஆகவே காப்பி செய்வது கடைசி வேலை. அதற்கு முன், கோப்புக்கு வெளியே இருக்கும் தகவலையெல்லாம் கோப்புக்கு உள்ளே தள்ள வேண்டும்.

ஆப்பிளின் பாட்டுச் செயலியான ஐடியூன்ஸில் வளர்த்த சேகரிப்பு என்றால் பாட்டுகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று உங்களுக்கே தெரியாது. டெஸ்க்டாப்பில் பாதி, டவுன்லோட்ஸில் பாதி, எப்போதோ செருகிய பென் டிரைவில் மிச்சம். ஃபைல் மெனுவில் லைப்ரரி, அதனுள் ஆர்கனைஸ் லைப்ரரி, அதில் கன்சாலிடேட் ஃபைல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் ஒரே ஃபோல்டருக்கு வரும். அது நகர்த்துவதில்லை, நகலெடுக்கிறது. அவ்வளவு காலியிடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். பிறகு அதே லைப்ரரி மெனுவில் எக்ஸ்போர்ட் லைப்ரரி கொடுத்து ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு எடுத்து வையுங்கள். நட்சத்திரமும் எத்தனை முறை கேட்டீர்கள் என்பதும் பாட்டுக்குள் இல்லை, ஐடியூன்ஸின் தனிப் பதிவேட்டில் இருக்கின்றன. மேக்கில் 2019 முதல் ஐடியூன்ஸுக்குப் பதில் மியூசிக் என்ற செயலி. அது பழைய லைப்ரரியை ஏற்றுக்கொள்ளும். லினக்ஸுக்குப் போகிறவர்களுக்கு அந்த எக்ஸ்எம்எல்தான் மிஞ்சும் ஆதாரம்.

பட்டியல்களை எம்3யூ8 வடிவத்தில் எடுப்பது நல்லது. பழைய எம்3யூ அந்தந்தக் கம்ப்யூட்டரின் எழுத்துமுறையில் எழுதப்படும், தமிழ்ப் பெயர் அதில் நிலைக்காது. எட்டு சேர்ந்ததில் இருப்பது தமிழையும் தாங்கும் யூடிஎஃப்-8 எழுத்துமுறை. எடுத்த பிறகு நோட்பேடில் திறந்து பாருங்கள். சி டிரைவ் என்று தொடங்கும் முழு முகவரி இருந்தால் மேக்கிலும் லினக்ஸிலும் அது செத்த முகவரி. அந்த முன்பகுதியை நீக்கி, பின்சாய்வுக் கோடுகளை முன்சாய்வாக மாற்றி, பட்டியலைப் பாட்டு ஃபோல்டருக்குள்ளேயே வைத்துவிட்டால் எங்கே போனாலும் வேலை செய்யும்.

அடுத்து, கண்டபடி நகலெடுத்துக் கேட்க முடியாதபடி விற்றவர்களே பூட்டுப் போட்ட பாட்டுகள். ஆப்பிள் தன் இசைக்கடையில் பூட்டை நீக்கியது 2009இல். இந்தியாவில் அந்தக் கடை திறந்ததே 2012 டிசம்பரில்தானே என்பீர்கள். ஆனால் பிரான்சில் சொந்தக்காரர் இல்லாத தெரு புதுச்சேரியில் உண்டா? அங்கிருந்து வந்த பழைய சேகரிப்புகளில் எம்4பி (.m4p) என்று முடியும் கோப்புகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். வாங்கியவரின் கணக்கு இல்லாமல் அவை பாடாது. மைக்ரோசாஃப்ட்டின் ஒலி வடிவமான டபிள்யூஎம்ஏவில் பூட்டியவையும் அதே ரகம். இவற்றைத் தனியே ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் புதிய கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

வடிவம் மாற்றும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. எம்பி3யை, ஒலி இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவுக்கு மாற்றினால் கோப்பு பெருக்கும், ஒலி தேறாது, போனது போனதுதான். மாற்றத் தகுந்தது சுருக்காத ஒலி வடிவமான வேவ். அதில் விவரம் எழுதினாலும் பல பிளேயர்கள் படிப்பதில்லை. ஒலி சிறிதும் குறையாமல் ஃபிளாக்காக்கினால் இடமும் ஏறக்குறையப் பாதியாகும், விவரமும் ஒட்டும். மேக்கின் மியூசிக் செயலி மட்டும் ஃபிளாக்கை உள்ளே விடாது. அதற்கு ஆப்பிளின் ஏலாக் வடிவம் இருக்கிறது. அதிலும் இழப்பில்லை, பிறகு திரும்ப ஃபிளாக்காகவே மாற்றிக்கொள்ளலாம்.

இனி பெயர்கள். இங்கே நிதானம் வேண்டும். 

விண்டோஸ் ஒன்பது குறிகளைக் கோப்புப் பெயரில் ஏற்காது: இரண்டு சாய்வுக் கோடுகள், முக்காற்புள்ளி, நட்சத்திரம், கேள்விக்குறி, இரட்டை மேற்கோள், சிறியது பெரியது குறிகள், நிமிர்ந்த கோடு. மேக்கில் 'ஆலாபனை பகுதி 2?' என்று வைத்த பெயர் விண்டோஸ் வாசலில் நிற்கும். பெயர் புள்ளியில் முடிந்தாலும் தகராறுதான். முழு முகவரியும் 260 எழுத்துக்குள் இருப்பது பாதுகாப்பு. ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர்கள் பெரிய எழுத்து, சின்ன எழுத்தையும் கவனிக்க வேண்டும். விண்டோஸுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர்கள் லினக்ஸில் இரண்டு தனி ஃபோல்டர்கள்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் சந்திக்கும் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஆங்கிலக் கையேடுகளில் இவற்றைத் தேட வேண்டாம். முதலாவது நீளம். லினக்ஸின் வழக்கமான வட்டு வடிவமான எக்ஸ்ட்4, ஒரு பெயருக்கு 255 பைட் தருகிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று. காம்போதி என்பது நமக்கு நான்கு எழுத்து. மெய்ப்புள்ளி, துணைக்கால் எல்லாவற்றையும் எண்ணினால் 8 குறியீடு, 24 பைட். மொத்தம் 85 குறியீடுகளுக்குள் பெயர் முடிய வேண்டும், அதிலும் கடைசியில் வரும் புள்ளிக்கும் எம்பி3க்கும் இடம் விட வேண்டும். விண்டோஸில் குறியீட்டைத்தான் எண்ணுவார்கள், 255 வரை போகலாம். அங்கே வித்வான் பெயர், தவில், ராகம், தாளம், கோயில், திருவிழா நாள் என்று ரயில்பெட்டி போல் கோத்த பெயரை லினக்ஸ் திருப்பி அனுப்பிவிடும். அந்த விவரமெல்லாம் கோப்புக்குள்ளேயே எழுதப்படும் குறிப்பான டேக்கில் இருக்கட்டும், பெயரைக் குறுக்குங்கள்.

இரண்டாவது ஒகர, ஓகார, ஔகாரச் சிக்கல். 'தோ' எழுத இரண்டு வழிகள் உண்டு. த-வோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. ஏகாரக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகப் பிரித்து எழுதுவது மற்றொன்று. திரையில் வித்தியாசமே தெரியாது. விண்டோஸில் தட்டச்சு செய்வது பொதுவாகச் சேர்ந்தே பதிவாகும்; மேக்கின் பழைய வட்டு வடிவமான எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்தே வைத்தது. இரண்டும் கலந்த சேகரிப்பை லினக்ஸில் கொட்டினால் தோடி, மோகனம், காம்போதி எல்லாம் இரட்டைப் பிள்ளைகளாக நிற்கும். கல்யாணிக்கும் பைரவிக்கும் இந்தத் தொல்லை கிடையாது. லாஸ்பேட்டையில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஒரு தங்கை, "தோடி இரண்டு இருக்கிறதே அண்ணா, எது நிஜம்?" என்று கேட்டார். இரண்டும் நிஜம்தான். லினக்ஸில் கன்வ்எம்வி என்ற சிறு கருவி உண்டு. யூடிஎஃப்-8 பெயர்களையெல்லாம் என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றித் தரும். முதலில் வெறும் ஒத்திகையாக ஓட்டிக் காட்டும், நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் கை வைக்கும். இந்த மரியாதை எல்லா மென்பொருளுக்கும் வேண்டும்.

டேக் எழுத மூன்று இயங்குதளங்களிலும் ஓடும் கிட்3 என்ற செயலி போதும். எம்பி3யின் டேக் முறையான ஐடி3இல் 2.3 பதிப்பு, யூடிஎஃப்-16 எழுத்துமுறை என்று அமைத்துக்கொள்ளுங்கள், 2.4 புதியதுதான், ஆனால் பழைய விண்டோஸும் பல கார் ஸ்டீரியோக்களும் அதைப் படிக்காது. ஐடி3யின் முதல் பதிப்பு தலைப்புக்கு 30 இடம்தான் தரும், அதை அழித்தாலும் நஷ்டமில்லை. யூனிகோடுக்கு முன் டிஸ்கி, பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துமுறைகளில் அடித்த டேக்குகள் இருந்தால் பழைய கம்ப்யூட்டரிலேயே தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் அந்த எழுத்துரு அங்கேதான் இருக்கிறது. எது எந்த முறை என்று கண்டுபிடிக்கவும் அது உதவும். விண்டோஸில் என்எச்எம் கன்வர்ட்டர் இவற்றை யூனிகோடாக்கும்.

எடுத்துப்போகும் டிஸ்க்கை எக்ஸ்ஃபாட் வடிவில் ஃபார்மேட் செய்யுங்கள். மேக், விண்டோஸின் வழக்கமான வட்டு வடிவமான என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், தானாக எழுதாது. விண்டோஸுக்கு எக்ஸ்ட்4 புரியாது. எஃப்ஏடி32 எல்லோருக்கும் புரியும், ஆனால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது; விடிய விடிய நடந்த தெருக்கூத்தை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் ஒரே ஃபிளாக்காக வைத்திருந்தால் அது தாண்டிவிடும். எக்ஸ்ஃபாட்டை விண்டோஸும் மேக்கும் எழுதும், லினக்ஸில் அதன் மையப் பகுதியான கெர்னலின் 5.4 பதிப்பு முதல் உள்ளேயே இருக்கிறது. குறை ஒன்று: எழுதும்போது மின்சாரம் போனால் எளிதில் குழம்பும். கடலூரில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளிதழில் வரும், பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். எஜெக்ட் கொடுக்காமல் கேபிளைப் பிடுங்குகிறவர்களுக்கு எந்த வடிவமும் உதவாது. புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய டிஸ்க் மலிவாகக் கிடைக்கும், எனக்கும் அங்கே சுற்றப் பிடிக்கும். ஆனால் இந்த வேலைக்குப் புதிது வாங்குங்கள்.

600 ஜிபி சேகரிப்பு யூஎஸ்பி 2 வழியே போனால், வினாடிக்கு 30 எம்பி என்று வைத்தாலும் ஐந்தரை மணி நேரம். யூஎஸ்பி 3இல் சாதாரண ஹார்டு டிஸ்க் 100 எம்பி தந்தால் ஒன்றே முக்கால் மணிக்குள் முடியும். சின்னக் கோப்புகள் அதிகமென்றால் இன்னும் இழுக்கும். மவுஸால் இழுத்துப் போடுவதைவிட விண்டோஸில் ரோபோகாப்பி, மேக்கிலும் லினக்ஸிலும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளைகள் மேல். நடுவில் நின்றாலும் விட்ட இடத்தைத் தேடித் தொடரும். ரோபோகாப்பியில் மிர் என்ற தெரிவை மட்டும் தொடாதீர்கள். சேருமிடத்தில் இருந்து மூலத்தில் இல்லாததை அது அழித்துவிடும்.

முடிந்ததும் இரு பக்கமும் கோப்பு எண்ணிக்கையையும் மொத்த பைட் அளவையும் ஒப்பிடுங்கள். ஜிபி என்று காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். மேக் 1000ஆல் வகுக்கும், விண்டோஸ் 1024ஆல் வகுக்கும். ஆர்சிங்க்கை செக்சம் தெரிவோடு மறுபடி ஓட்டினால் உள்ளடக்கத்தையே ஒப்பிட்டுவிடும். ஃபிளாக் கோப்புக்குள் ஒலி மாறியிருக்கிறதா என்று காட்டும் எம்டி5 கையொப்பம் இருப்பதால் அவற்றைத் தனியாகவும் சோதிக்கலாம். மேக்கில் எழுதிய டிஸ்கில் புள்ளியும் கீழ்க்கோடுமாகத் தொடங்கும் குட்டிக் கோப்புகள் இருக்கும். அவை பாட்டல்ல, கார் ஸ்டீரியோ அவற்றையும் பாடப் பார்த்துத் திணறும். மேக்கின் டாட் கிளீன் கட்டளை துடைத்துவிடும்.

பழைய கம்ப்யூட்டரை உடனே துடைக்காதீர்கள். புதியதில் சில வாரம் கேளுங்கள், பட்டியல்களைத் திறந்து பாருங்கள். இன்னொரு நகலை வேறு ஊரில் வையுங்கள். 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் வந்தபோது கடலூரும் புதுச்சேரியும் சேர்ந்தே அடிவாங்கின, ஆகவே இங்கிருந்து அங்கே வைப்பது கணக்கில் சேராது. என்னுடையது சேலத்தில் மருமகள் வீட்டு பீரோவில் இருக்கிறது. கம்ப்யூட்டரை விற்பதாக இருந்தால், அதற்கு முன் ஐடியூன்ஸின் அக்கவுண்ட் மெனுவில் அந்தக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்த அங்கீகாரத்தை ரத்து செய்யுங்கள். ஒரு கணக்குக்கு ஐந்து கம்ப்யூட்டர்தான்.