ஐந்து கட்டைக்கு ஐந்து என்று போடாதீர்கள்

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் ஒரு மாமி வீட்டில் நடக்கும் பாட்டு வகுப்புக்கு நான்தான் கம்ப்யூட்டரில் ஸ்வரம் தட்டிக் கொடுக்கிறவன். அங்கே நோட்டுப் புத்தகங்கள் மூன்று லிபியில் இருக்கும்: கன்னடம், தமிழ், இங்கிலீஷ். கீபோர்டு வாசிக்கிறவர்களுக்கு ஸ்டாஃப் நொட்டேஷனும் (ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய முறை) வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே மூலம் இருக்கட்டும் என்று ஏபிசி முறைக்கு வந்தேன். இசையை இங்கிலீஷ் எழுத்துகளால் எழுத கிரிஸ் வால்ஷா உருவாக்கிய முறை இது. சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான். ஒரு கட்டையில், அதாவது சி-யை ஸட்ஜமாக வைத்து எழுதினால் பெரிய சி மத்ய ஸ்தாயி ஸட்ஜம், சின்ன சி தார ஸட்ஜம்.

இதைச் சரிபார்க்கவும் சுருதி மாற்றவும் டெர்மினலில் ஓடும் ஏபிசி2ஏபிசி இருக்கிறது. உபுண்டுவில் ஏபிசிமிடி பேக்கேஜைப் போட்டால் கூடவே வந்துவிடும். நல்ல கருவி. ஆனால் நம் பக்கத்துப் பழக்கங்கள் எதுவும் அதற்குத் தெரியாது.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். "அஞ்சு கட்டைக்கு மாத்திக் குடுப்பா" என்றார் மாமி. ஒன்றிலிருந்து ஐந்துக்கு நாலு தானே என்று சுருதி மாற்றும் ஆப்ஷனில் 4 போட்டேன். மாமி தம்புரா ஆப்பை ஓடவிட்டு ஒரு வரி கேட்டதும், "இது மூணு கட்டைன்னா!" என்றார். கட்டை என்பது கீபோர்டின் வெள்ளைக் கட்டை. கருவி எண்ணுவது கறுப்பையும் சேர்த்த அரை ஸ்வரங்களை. ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்கு 2, மூன்றுக்கு 4. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லாததால் நான்கு கட்டைக்கு 5 தான். ஐந்துக்கு 7, அதற்கு அடுத்த கறுப்பான ஐந்தரைக்கு 8, ஆறுக்கு 9.

சரி என்று 7 போட்டால் அதுவும் தப்பு. ஐந்து கட்டையில் பாடும் பெண்களின் ஸட்ஜம் கீபோர்டின் நடு சி-க்குக் கீழே உள்ள ஜி. 7 போட்டால் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே போய் நிற்கும். தார ஸ்தாயி வந்தால் தொண்டை கிழியும். மாமிக்கு வேண்டியது மைனஸ் 5. எண்ணைப் போடும் முன் மேலேயா கீழேயா என்று பாடுகிறவரிடம் கேட்டுவிடுங்கள்.

இதைவிடக் கள்ளத்தனமான தவறு கார்வை. நாம் நோட்டில் "ஸ , ரி க ம , ப ," என்று எழுதுவோம். கமா ஒவ்வொன்றும் ஓர் அட்சர நீட்டல். மொத்தம் எட்டு, ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனம். பழைய கைப்பழக்கத்தில் ஏபிசியிலும் எழுத்தை ஒட்டிக் கமா போட்டுவிடுவோம். அங்கே கமா என்றால் ஒரு ஸ்தாயி கீழே. ஆக ஸ, ம, ப மூன்றும் மந்த்ரத்தில் விழும், எட்டு அட்சரம் ஐந்தாகக் குறையும். கமாவைக் கருவி தப்பென்று சொல்லாது, அதற்கு அது சரியான குறி. கணக்கு உதைக்கிறது என்று மட்டும் சொல்லும். எழுத்துக்குப் பக்கத்தில் 2 போடுவதுதான் சரி. தாளக் கணக்கைச் சரிபார்க்காதே என்று ஒரு ஆப்ஷனும் உண்டு. எரிச்சலில் அதைப் போட்டுவிட்டால் இந்தத் தடயமும் போச்சு.

அப்புறம் ராகம். நோட்டில் மேலே மாயாமாளவகௌளை என்று எழுதிவிட்டால் ரி என்றாலே சுத்த ரிஷபம் என்று நமக்குத் தெரியும். தலைப்பில் ராகப் பெயரை எழுதினாலும் கருவிக்கு அது வெறும் தலைப்புதான். ஆரம்பப் பாடமான சரளி வரிசையைக் குறி எதுவும் போடாமல் சி மேஜரில் தட்டினால் வருவது சங்கராபரணம். எட்டுக்கு எட்டு கணக்கு சரியாக இருக்கும், எச்சரிக்கை ஒன்றும் வராது, எந்தச் சுருதிக்கு மாற்றினாலும் சுத்தமான சங்கராபரணமாகவே மாறும். ரிஷபத்துக்கும் தைவதத்துக்கும் முன்னால், அரை ஸ்வரம் இறக்கும் _ குறி வேண்டும். அந்தக் குறியின் ஆயுள் அடுத்த பார் கோடு (தாளப் பகுதியைப் பிரிக்கும் | கோடு) வரைதான். கோடு தாண்டினால் மறுபடி போட வேண்டும். முதல் பாரில் மட்டும் போட்டுவிட்டு, இரண்டாவது பாரிலிருந்து ராகம் மாறிப்போன ஃபைல்கள் என்னிடமே இரண்டு மூன்று கிடக்கின்றன. ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் எழுத்தில் வராது; அதை மாமி பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று, ஸ்வர அளவு, அதாவது ஓர் எழுத்தின் நீளம். அதை எழுதாமல் விட்டால் தாளத்தை வைத்து ஏபிசி தானே முடிவு செய்யும்: தாளம் 3/4 அல்லது அதற்கு மேல் என்றால் எட்டில் ஒன்று, அதற்குக் கீழே என்றால் பதினாறில் ஒன்று. எட்டில் ஒன்று என்ற நினைப்பில் 2/4 போட்டு அளவை எழுத மறந்தால் எல்லா பாரும் பாதியாக நிற்கும்.

கடைசியாக, ஃபைலையே தொலைக்கும் தவறு. கருவி மாற்றியதைத் திரையில்தான் கொட்டும். > குறி போட்டு நாம்தான் ஒரு ஃபைலில் பிடிக்க வேண்டும். அங்கே மூல ஃபைலின் பெயரையே கொடுத்தால், கருவி படிக்கத் தொடங்கும் முன்பே ஷெல் (டெர்மினலில் நம் கட்டளையை ஓட்டும் ப்ரோகிராம்) அதைக் காலி செய்துவிடும். இருபது நிமிட வேலை அப்படிப் போயிற்று எனக்கு. மூலத்தை ஒரு கட்டையில் தனியாக வைத்து, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே மாற்றி, புதுப் பெயரில் வையுங்கள். புது ஃபைலையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்: கண்டுபிடித்த தப்புகளைக் கருவி % போட்ட வரிகளாக அதற்குள்ளேயே எழுதி வைத்திருக்கும்.