பேனல் எத்தனை கிலோ ஆம்பியர் தாங்கும்? தொடங்குவோருக்கான கணக்கு

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாகும்போது ஏ.சி., லிப்ட், பம்பு எல்லாவற்றிற்கும் சேர்த்துப் புதிய பேனல் (மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பெட்டி) வைக்கிறார்கள். சுமைக்கான ஆம்பியரை எவரும் மறப்பதில்லை. குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) நேரும் கணத்தில் பாயும் மின்னோட்டத்தை அந்தப் பேனல் தாங்குமா என்பதும் ஒரு கணக்குதான். அதைக் காகிதத்தில் நீங்களே போடலாம். பேனலைத் திறக்கும் வேலை உரிமம் பெற்றவருடையது.

படி 1: டிரான்ஸ்பார்மர். அதன் பெயர்ப்பலகையில் கே.வி.ஏ., வோல்ட், மின்மறிப்பு (இம்பீடன்ஸ்) சதவீதம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 250 கே.வி.ஏ., 433 வோல்ட், 4.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 2,50,000-ஐ 1.732 × 433-ஆல் வகுக்க முழுச்சுமை மின்னோட்டம் 333 ஆம்பியர், அதை 0.045-ஆல் வகுக்க ஏறத்தாழ 7.4 கிலோ ஆம்பியர் (7,400 ஆம்பியர்). டிரான்ஸ்பார்மர் அருகே குறுக்குச்சுற்றில் பாயக்கூடியது இதுவே. பெரிய மோட்டார்கள் இருந்தால், அவையும் அந்தக் கணத்தில் மின்னோட்டத்தைத் திருப்பித் தரும் என்பதால், அவற்றின் முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல் நான்கு மடங்கைக் கூட்டிக்கொள்வது நல்லது.

படி 2: கேபிள். செட்டிநாட்டு வீட்டில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். 25 சதுர மி.மீ. செம்புக் கேபிள் 60 மீட்டர் ஓடிப் பின்கட்டுப் பேனலை அடைவதற்குள், மேற்சொன்ன 7.4 ஏறத்தாழ 4 கிலோ ஆம்பியராகிவிடும். பேனலுக்கு இது ஆறுதல், பாதுகாப்புக்கு அப்படியல்ல. அங்கிருந்து 2.5 சதுர மி.மீ. வயர் மேலும் 40 மீட்டர் சென்றால், அதன் முனையில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலான குறுக்குச்சுற்றில் 400 ஆம்பியர்கூட வராது. டி வகை 20 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் மிகும்போது தானே துண்டிக்கும் சிறு பிரேக்கர்) உடனடியாகத் துண்டிக்க 400 ஆம்பியர் வரை கேட்கலாம் என்பதால், அங்கே அதைவிடக் குறைந்த மின்னோட்டத்திலேயே துண்டிக்கும் சி வகையே பொருத்தம்.

படி 3: உள்ளே இருப்பவை. எம்.சி.பி.யின் முகப்பில் சிறு கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்றிருக்கும். அதுவே அது துண்டிக்கக்கூடிய ஆம்பியர். பெரிய மின்னோட்டங்களுக்கான பிரேக்கரான எம்.சி.சி.பி.யில் இரண்டு எண்கள் உண்டு: ஐ.சி.யூ. என்பது அது துண்டிக்கும் உச்ச அளவு, ஐ.சி.எஸ். என்பது துண்டித்த பின்னும் தொடர்ந்து பயன்படும் அளவு. விருந்தினர் தங்கும் கட்டடத்துக்கு நான் இரண்டாவதையே பார்ப்பேன். பஸ்பாருக்கு (பேனலுக்குள் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் உலோகப் பட்டை) தயாரிப்பாளர் தரும் எண்ணை எழுதிக்கொண்டால் போதும்.

அதிகம் தவறவிடப்படுவது, மோட்டாரை இயக்கி நிறுத்தும் கான்டாக்டரும், கூடுதல் சுமையிலிருந்து அதைக் காக்கும் ஓவர்லோட் ரிலேயும்தான். குறுக்குச்சுற்றைத் துண்டிக்க அவற்றால் இயலாது. முன்னால் உள்ள பியூஸ் அல்லது பிரேக்கரின் துணையோடு மட்டுமே அவற்றுக்குத் தாங்குதிறன் உண்டு. எந்தத் துணையோடு எத்தனை கிலோ ஆம்பியர் என்பதைத் தயாரிப்பாளரின் அட்டவணை சொல்லும். அதில் வகை 1 என்றால், ஆட்களுக்கு ஆபத்து வராது, கருவி பழுதாகலாம். வகை 2 என்றால், தொடுமுனைகள் இலேசாக ஒட்டினாலும் பிரித்துவிட்டுத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.

படி 4: ஒப்பீடு. எழுதியவற்றில் மிகச் சிறிய எண்ணே பேனலின் எண். நுழைவு எம்.சி.சி.பி. 36, பஸ்பார் 25 என்றிருந்தும் ஓர் எம்.சி.பி. 6 கிலோ ஆம்பியர் என்றால், டிரான்ஸ்பார்மர் அருகே வைக்கும் அந்தப் பேனல் 7.4-க்குப் போதாது. அந்த இரண்டு பிரேக்கர்களையும் சேர்த்துச் சோதித்த அட்டவணையைத் தயாரிப்பாளர் தந்திருந்தால் மட்டுமே விலக்கு. இரண்டு கம்பெனிகளின் பிரேக்கர்களைக் கலந்து போட்டால் அந்த அட்டவணை பொருந்தாது.

டிரான்ஸ்பார்மரை மாற்றும்போது இதே கணக்கை மீண்டும் போட வேண்டும்: அதே 4.5 சதவீதத்தில் 500 கே.வி.ஏ. வந்தால் 14.8 கிலோ ஆம்பியர், அதன் அருகே 10000 எண்ணுள்ள எம்.சி.பி.யும் தனித்து நில்லாது.