ஓடிக்கொண்டிருக்கும் கார் நடுவழியில் நின்றுபோனால்: புகாரை எழுதும் முறையும் கொண்டுபோகும் இடமும்

புதுக் காரில் கோளாறு என்றால் நம்மவர்கள் முதலில் ஷோரூமில் போய்ச் சத்தம் போடுவார்கள், அடுத்து யூடியூபில் வீடியோ போடுவார்கள். இரண்டும் பின்னால் நுகர்வோர் ஆணையத்தில் ஆதாரமாக நிற்காது. அங்கே எடுபடுவது, வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போது புகாரைக் குறித்துத் தரும் ஜாப் கார்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது, யார் எழுதினார்கள், நீங்கள் எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதை வைத்துத்தான் பெரும்பாலான வாகனப் புகார்கள் ஜெயிக்கின்றன, தோற்கின்றன.

உதாரணத்துக்கு ஒரே ஒரு கோளாறை எடுத்துக்கொள்வோம்: நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும் பெட்ரோல் காரின் இன்ஜின் திடீரென நின்றுபோகிறது, பத்து நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக், சீட் பெல்ட் எதுவானாலும் செய்முறை இதேதான்.

முதலில் உயிர்

இன்ஜின் நின்றதும் பிரேக்குக்கு உதவும் வேக்கம் பூஸ்டரில் மிச்சமிருப்பது ஒன்றிரண்டு மிதிக்கான பலம்தான். பதற்றத்தில் பெடலை விட்டு விட்டு மிதித்தால் அதுவும் போய்விடும், பெடல் கல்லாகிவிடும். ஒரே மிதியாக அழுத்தி, விடாமல் பிடியுங்கள். ஸ்டியரிங் கனமாகும், ஆனால் திரும்பும். வண்டி நிற்கும்வரை சாவியை முழுக்கத் திருப்பி எடுத்துவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஹசார்டு விளக்கைப் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள்.

பிறகு வண்டி ஸ்டார்ட் ஆனாலும் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். சாலையோர உதவி எண்ணை அழைத்து இழுவை வண்டி வரவழையுங்கள். இதனால் இரண்டு லாபம். உங்களுக்கு ஆபத்தில்லை என்பது ஒன்று. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம் என்ற பதிவு கம்பெனியின் சொந்தக் கணினியிலேயே விழுந்துவிடுகிறது என்பது இன்னொன்று. "அப்படி ஒன்றும் நடக்கவே இல்லையே" என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

நின்ற இடத்திலேயே எடுக்க வேண்டியவை

- டாஷ்போர்டில் எரியும் விளக்குகள், கிலோமீட்டர், எரிபொருள் அளவு மூன்றும் தெரியும்படி ஒரு படம்.
- முடிந்தால் செல்ஃப் அடிக்கும்போது ஒரு வீடியோ. இன்ஜின் சுற்றுகிறதா, சுற்றியும் பிடிக்கவில்லையா என்பது மெக்கானிக்குப் பெரிய துப்பு.
- கடைசியாகப் பெட்ரோல் போட்ட ரசீது. "கலப்படப் பெட்ரோல்" என்பதுதான் முதலில் வரும் சமாதானம்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடியில் பதினாறு துளைகள் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அதில் செருகும் புளூடூத் ரீடர் விலை மலிவு. இன்ஜின் கோளாறுக் குறியீட்டை அது கைபேசியில் காட்டும். பி0335 என்றால் இன்ஜின் சுழற்சியைக் கவனிக்கும் கிராங்க் ஷாஃப்ட் சென்சாரின் சர்க்யூட், பி0087 என்றால் எரிபொருள் அழுத்தம் குறைவு. ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆனால் 'கிளியர்' பட்டனைத் தொடவே கூடாது, பேட்டரி ஒயரையும் கழற்றக் கூடாது. கோளாறு நடந்த நொடியில் வேகம், சூடு, ஆர்.பி.எம். எவ்வளவு என்று இன்ஜின் கம்ப்யூட்டர் சேமித்து வைத்திருப்பது குறியீட்டோடு சேர்ந்து அழிந்துவிடும். மலிவு ரீடர்கள் பலவற்றுக்கு ஏ.பி.எஸ்., ஏர்பேக் குறியீடுகளைப் படிக்கத் தெரியாது. அவற்றைச் சர்வீஸ் சென்டர் ஸ்கேனரில் எடுத்து பிரின்ட் கேளுங்கள்.

கோளாறா, தேய்மானமா?

பிரேக் பேட், கிளட்ச் தட்டு, வைப்பர், டயர் எல்லாம் தேயத்தான் செய்யும். 40,000 கி.மீ.யில் பேட் தேய்ந்ததைத் தயாரிப்புக் குறை என்று எழுதினால் புகாரின் மற்ற பகுதிக்கும் மதிப்புப் போய்விடும். மாறாக, பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்லத் தரைவரை இறங்கினால், வெளியே எண்ணெய்க் கசிவும் இல்லையென்றால், அது பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் சமாச்சாரம். ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தால் ஸ்டியரிங்குக்கு உள்ளே சுருள் நாடாபோல இருக்கும் கிளாக் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கலாம், சில வண்டிகளில் ஹாரனும் சேர்ந்து போகும். ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொண்டது என்றால் முதலில் தரைவிரிப்பைப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்ட மேட் பெடலைக் கவ்விக்கொள்வது உலகறிந்த விஷயம்.

எதிராளி எதைப் பிடித்துக்கொள்வார் என்பதையும் இப்போதே யோசியுங்கள். வெளிக் கடையில் ஒயரை வெட்டி மாட்டிய ஃபாக் லைட், மியூசிக் சிஸ்டம், எலி கடித்த ஒயர், தவறவிட்ட சர்வீஸ் எல்லாமே அவர் கையில் துருப்புச் சீட்டு. முன்பக்கம் இரும்பு பம்பர் கார்டு இருந்தால் ஏர்பேக் புகார் பாதி செத்த மாதிரி. இந்தக் கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017-லேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது.

ஜாப் கார்டு: இங்கே நேரம் செலவழியுங்கள்

நீங்கள் ஐந்து நிமிடம் சொல்வதைச் சர்வீஸ் அட்வைசர் "ஸ்டார்ட்டிங் பிராப்ளம், ஜெனரல் செக்" என்று இரண்டு வரியில் தட்டிவிடுவார். பெரும்பாலும் அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது, பின்னால் வரிசையில் எட்டு வண்டி நிற்கும். ஆனால் ஓராண்டு கழித்து அந்த இரண்டு வரிதான் சாட்சி சொல்லும். "ஓடும்போது நின்றது" என்பதும் "ஸ்டார்ட் ஆகவில்லை" என்பதும் வேறு வேறு. முன்னது பாதுகாப்புக் குறை, பின்னது பேட்டரி பலவீனமாகக்கூட இருக்கலாம்.

அதனால் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். இந்த அளவு போதும்:

"12-ம் தேதி மாலை 4.10 மணி. 21,340 கி.மீ. ஐந்தாவது கியர், சுமார் 80 கி.மீ. வேகம், ஏ.சி. ஓடியது, டேங்க் கால் அளவு. முன்னறிவிப்பின்றி இன்ஜின் நின்றது. இன்ஜின் விளக்கும் பேட்டரி விளக்கும் எரிந்தன. செல்ஃப் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது. இது மூன்றாவது முறை."

கவனியுங்கள், இதில் 'ஃபியூவல் பம்ப் போய்விட்டது' என்ற வார்த்தையே இல்லை. அறிகுறியை மட்டும் எழுதுங்கள், நோயின் பெயரை எழுதாதீர்கள். பம்ப் என்று நீங்கள் எழுதி, அவர்கள் பம்பைச் சோதித்து "சரியாக இருக்கிறது" என்று பதில் எழுதிவிட்டால் புகார் அங்கேயே முடிந்தது. ஏ.சி., டேங்க் அளவு போன்றவற்றைச் சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. சூடானபின் நின்று, ஆறியபின் ஓடினால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் விழும். டேங்கில் பெட்ரோல் குறைந்தபோது மட்டும் நின்றால் பம்ப் பக்கம் போகலாம்.

இந்த வாசகத்தை 'வாடிக்கையாளர் சொன்னது' என்ற கட்டத்தில் அப்படியே ஏற்றச் சொல்லுங்கள். மறுத்தால் காகிதத்தை இணைத்து சீல் வாங்குங்கள். அதுவும் நடக்காவிட்டால் அங்கே நின்றபடியே அதே வாசகத்தை டீலருக்கும் கம்பெனிக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். வாசித்த பிறகே கையெழுத்து.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது கேட்க வேண்டியவை: மூடிய ஜாப் கார்டின் நகல், வாரண்டியில் செய்ததானாலும் ரூபாய் பூஜ்யம் போட்ட பில், ஸ்கேன் பிரின்ட், மாற்றிய பாகத்தின் எண் தெரியும் படம். வாரண்டிப் பாகம் கம்பெனிக்குத் திரும்பிப் போய்விடும், கையில் தரமாட்டார்கள். படம் எடுக்கவும் விடவில்லை என்றால் அதையே மின்னஞ்சலில் எழுதுங்கள். "திருப்தியாக இருக்கிறது" என்ற தாளில் கையெழுத்துக் கேட்டால், "ஓட்டிப் பார்த்த பிறகே சொல்ல முடியும்" என்று கைப்பட எழுதிப் போடுங்கள்.

ஏற்கெனவே திரும்ப அழைத்திருக்கிறார்களா (ரீகால்)?

ஆர்.சி.யிலும், சில வண்டிகளில் விண்ட்ஷீல்டின் கீழ் ஓரத்திலும் இருக்கும் 17 இலக்க வின் எண்ணை, அதாவது சேசிஸ் எண்ணை, எடுங்கள். ஆங்கில ஐ, ஓ, க்யூ எழுத்துகள் இதில் வரவே வராது. அப்படித் தெரிந்தால் அது 1 அல்லது 0. கம்பெனி இணையதளத்தின் ரீகால் பக்கத்தில் அந்த எண்ணைப் போடுங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், ரீகால் கடிதம் பழைய உரிமையாளர் வீட்டுக்குப் போயிருக்கும்.

நம் உதாரணக் கோளாறுக்கே முன்கதை இருக்கிறது. ஜூலை 2020-ல் மாருதி சுசுகி, ஃபியூவல் பம்பில் குறை இருக்கலாம் என்று 1,34,885 வேகன் ஆர், பலேனோ கார்களைத் திரும்ப அழைத்தது. அதே காலத்தில் உலகம் முழுக்க டென்சோ என்ற ஜப்பானிய உதிரிபாகக் கம்பெனியின் பம்புகளில் ஒரு குறை பேசப்பட்டது. பம்புக்குள் சுழலும் பிளாஸ்டிக் சக்கரம் பெட்ரோலை உறிஞ்சி வீங்கி, கூட்டில் உரசி நின்றுவிடும். இப்படிப்பட்ட ரீகாலில் உங்கள் வண்டியும் இருந்தால் சண்டையே வேண்டாம், இலவசமாக மாற்றித் தருவார்கள்.

அரசிடம் புகார்

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. அதற்கான விதி 1 ஏப்ரல் 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். அபராதம் வண்டி வகையையும் எண்ணிக்கையையும் பொறுத்து 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை.

மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாஹனின் வாகனத் திரும்ப அழைப்புப் பக்கத்தில் பதிவு எண், சேசிஸ் எண்ணோடு மேலே எழுதிய அதே வாசகத்தைப் பதியுங்கள். ஒரு புகாரால் ரீகால் வந்துவிடாது. ஒரே மாடலுக்கு, விற்பனை அளவுக்கேற்ற எண்ணிக்கையில் புகார்கள் சேர வேண்டும். பணம் திருப்பித் தரும் இடமும் இதுவல்ல. என்றாலும் பதியுங்கள். மாடல் பெயரில் இயங்கும் வாட்ஸப் குழுவில் இருநூறு பேர் புலம்புவதைவிட, அந்த இருநூறு பேரும் இங்கே பதிவது பலன் தரும்.

நுகர்வோர் ஆணையம்

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதியலாம், இலவசம், சில கம்பெனிகள் அதிலேயே இறங்கி வரும். வராவிட்டால் டீலர், தயாரிப்பாளர் இருவருக்கும் 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ். டீலரை மட்டும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. டீலர் கடையை மூடிவிட்டுப் போனால் வழக்கு அந்தரத்தில் நிற்கும்.

கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனியின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. இ-ஜாக்ரிதி தளத்தில் பதியலாம், வக்கீல் கட்டாயமில்லை. காலக்கெடு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. "அடுத்த சர்வீஸில் பார்த்துத் தருகிறோம்" என்ற பேச்சிலேயே இந்த இரண்டு ஆண்டும் கரையும், ஜாக்கிரதை.

மனுவில் இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. ஒன்று, அதே சட்டத்தின் 38-வது பிரிவின்படி தகுந்த ஆய்வகத்தில் வண்டியைச் சோதிக்கக் கேளுங்கள். நிபுணர் அறிக்கை இல்லாமல் "தயாரிப்புக் குறை" என்று சொன்னால் பல ஆணையங்கள் ஏற்பதில்லை. இரண்டு, கோரிக்கையை அடுக்காகக் கேளுங்கள்: புது வண்டி, இல்லையென்றால் விலையைத் திருப்பித் தருதல், அதுவும் இல்லையென்றால் குறையை நீக்கி வாரண்டி நீட்டிப்பும் நஷ்டஈடும். வாரண்டி பாகத்தை மாற்றத்தான் சொல்கிறது, வண்டியையே மாற்றச் சொல்லவில்லை என்று 2006-ல் மாருதி தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், புது வண்டி மட்டும் கேட்டு நிற்பது ஆபத்து.

நுகர்வோருக்குச் சாதகமான தீர்ப்பும் உண்டு. 2015-ல் வாங்கிய ஹூண்டாய் கிரெட்டா 2017-ல் விபத்தில் மோதியபோது ஏர்பேக் விரியவில்லை. மோதலின் விசை போதவில்லை என்றது கம்பெனி. வேகத்தையும் விசையையும் கணக்குப் போடும் இயற்பியல் நிபுணராக நுகர்வோர் இருக்கத் தேவையில்லை என்று 20 ஏப்ரல் 2022 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லி, வண்டியை மாற்றித் தரும் உத்தரவை உறுதி செய்தது. ஏர்பேக் புகார் என்றால் இந்தத் தீர்ப்பை இணையுங்கள். ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிவாகியிருக்கும் மோதல் தரவைப் படிக்கும் முன் வண்டியைப் பழுது பார்க்க விடாதீர்கள். இன்சூரன்ஸ் சர்வேயரிடமும் இதை எழுத்தில் சொல்லுங்கள்.

வழக்கு நடக்கும்போது சலித்துப்போய் வண்டியை விற்றுவிடுகிறவர்கள் நிறைய. விற்றால் நீங்கள் இனி நுகர்வோர் அல்ல என்ற வாதம் எழும், அதை ஏற்ற தேசிய ஆணையத் தீர்ப்புகளும் இருக்கின்றன. விற்றே ஆக வேண்டும் என்றால் முதலில் ஆணையத்தில் மனுப் போட்டு, சோதனை அறிக்கை கைக்கு வந்த பிறகு அனுமதியோடு விற்பது நல்லது.